வாரண்டியில் மாற்றியதாகப் பதிவாகியிருக்கும் ஸ்டீயரிங் ரேக், காரில் மாற்றப்படவே இல்லை: என்ன செய்வது?

கேள்வி: மலையடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். நான் திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் வத்தலக்குண்டு வழியாகப் பண்ணைக்காட்டுக்குக் காரில் ஏறிப்போய், அங்கே தனியாக இருக்கும் என் தாயாரைப் பார்த்துவிட்டு ஞாயிறு மாலை இறங்குவேன். காரை ஒன்பது லட்சத்துச் சொச்சத்துக்குப் புதிதாக வாங்கினேன். 3 ஆண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டர் வாரண்டி. இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரண்டி முடிய இன்னும் 5 வாரங்களே இருக்கின்றன.

நான்கு மாதங்களுக்கு முன், பள்ளம் விழுந்த சாலையில் மெதுவாகப் போகும்போது ஸ்டீயரிங்கிலிருந்து 'கடக், கடக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. சத்தம் காதுக்குக் கேட்பதைவிட உள்ளங்கையில் தட்டுவதுதான் அதிகமாகத் தெரிந்தது. மதுரையில் உள்ள டீலரின் சர்வீஸ் சென்டரில் காலை பத்தரை மணிக்குக் காரை விட்டேன். மாலை நான்கு மணிக்குத் திரும்ப எடுத்தபோது, சர்வீஸ் அட்வைசர், "கிரீஸ் வைத்து இறுக்கியிருக்கிறோம் மேடம், இனி வராது" என்றார். பூஜ்ய ரூபாய்க்கான பில்லிலும் திருப்திச் சீட்டிலும் கையெழுத்து வாங்கினார்கள். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பதால் நான் அந்தப் பில்லைப் படித்துப் பார்க்கவில்லை. அது என் தவறு.

மூன்றாவது வாரத்திலேயே சத்தம் திரும்ப வந்துவிட்டது. இந்த மாதம் மறுபடி போனபோது, கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் காருக்கு ஸ்டீயரிங் ரேக்கே வாரண்டியில் மாற்றிக் கொடுத்தாயிற்று, அதே பாகத்துக்கு இன்னொரு முறை கிளெய்ம் போட முடியாது, இந்த மாடலுக்கு இந்தச் சத்தம் இயல்புதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து நிறுவனத்தின் செயலியில் சர்வீஸ் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். நான்கு மாதங்களுக்கு முந்தைய அந்தத் தேதியில், 'ஸ்டீயரிங் கியர் அசெம்பிளி, எண்ணிக்கை 1, வாரண்டி' என்று பதிவாகியிருந்தது. அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் அந்த ரேக்தான். பழைய பில்லை எடுத்துப் பார்த்தால் அதிலும் அப்படியே இருக்கிறது.

சந்தேகம் தாங்காமல், வீட்டுக்கு அருகில் வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடையில் காரைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். அந்தக் கடைக்காரர் டார்ச் அடித்துக் காட்டியவற்றை எழுதுகிறேன். ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் உறைகளுக்குள் மலைச் சாலையின் செம்மண் கெட்டியாக உறைந்து கிடந்தது. ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியான டை ராடின் லாக் நட்டின்மீதும் ராடின்மீதும் சேர்ந்தாற்போல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இருந்தது. மங்கியிருந்ததே தவிர, எங்கும் முறியாமல் ஒரே கோடாக இருந்தது. "இது தொழிற்சாலையில் போட்ட கோடு அக்கா. நட்டை ஒருமுறை தளர்த்தியிருந்தாலும் கோடு விலகியிருக்கும். ரேக்கை மாற்றினால் அலைன்மென்ட் பார்த்தே ஆகவேண்டும். அந்த ரிப்போர்ட் கொடுத்தார்களா?" என்று கேட்டார். அப்படி எதுவும் எனக்குக் கொடுக்கப்படவில்லை. அனைத்தையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இதை டீலரிடம் தொலைபேசியில் சொன்னபோது, வெளிக்கடையில் காரைத் தூக்கியதால் வாரண்டியே போய்விடும் என்று எச்சரித்தார்கள். என் ஐயங்கள் இவை: வாரண்டி முடிவதற்குள் யாரிடம், எப்படி எழுத வேண்டும்? வேறு டீலரிடம் போகலாமா? கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதால் எனக்கு உரிமை இல்லாமல் போகுமா? கொண்டை ஊசி வளைவுகளில் இந்தக் காரைத்தான் ஓட்டுகிறேன். அச்சமாக இருப்பதால் கேட்கிறேன்.

பதில் 1: பழைய ஸ்டோர்கீப்பர்

அம்மா, நான் ஒரு கார் டீலரிடம் பாகங்கள் கிடங்கிலும் வாரண்டிப் பிரிவிலுமாகப் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதலில் ஒன்று: இதற்கு ஒரு முடிவு தெரியும்வரை அந்தக் காரில் மலை ஏற வேண்டாம். பேருந்தில் போய்வாருங்கள்.

வாரண்டி வேலைக்கான பணத்தை நீங்கள் கொடுப்பதில்லை. ஆனால் யாரோ ஒருவர் கொடுக்கிறார். பாகத்தின் விலையையும், அந்த வேலைக்கு இவ்வளவு மணி நேரம் என்று நிர்ணயித்த கணக்குப்படி கூலியையும் கார் நிறுவனம் டீலருக்குத் தருகிறது. அதற்கு டீலர் ஒரு கிளெய்ம் போட வேண்டும். ஜாப் கார்டு (காரை விடும்போது எழுதும் வேலைச் சீட்டு) எண், காரின் சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், கோளாறின் குறியீடு, பாக எண் எல்லாம் அதில் இருக்கும். ஸ்டோரிலிருந்து புதுப் பாகம் வெளியே போனதற்கு ஒரு இஷ்யூ சீட்டு இருக்கும். கழற்றிய பழைய பாகத்தில் கிளெய்ம் எண் எழுதிய அட்டையைக் கட்டி, நிறுவனத்தார் வந்து பார்க்கும்வரையோ திருப்பி அனுப்பச் சொல்லும்வரையோ தனி அறையில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பழைய பாகம் நிறுவனத்தின் சொத்து. உங்கள் கையில் தரமாட்டார்கள். ஆனால் கேட்டால் காட்டுவார்கள், காட்டத் தயங்க நேர்மையான பணிமனைக்குக் காரணம் ஏதுமில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். காலையில் விட்டு மாலையில் எடுத்தேன் என்பதை ஆதாரமாகச் சொல்லாதீர்கள். தெரிந்த ஆள் கையில் ஒரே நாளில் ரேக் மாற்றிவிடலாம். முறியாத மஞ்சள் கோடும், மண் உறைந்த ரப்பர் உறையும், அலைன்மென்ட் ரிப்போர்ட் இல்லாததும்தான் வலுவான ஆதாரம். ரேக்கை இறக்க வேண்டுமென்றால் சக்கரத்துப் பக்கம் டை ராட் முனையைப் பிரிக்காமல் முடியாது. புது ரேக் வந்தால் ரப்பர் உறையும் கிளாம்பும் அதனுடனேயே புதிதாக வரும். நான்கு மாதத்தில் மலைச் சாலை மண் ஓரளவு ஒட்டும்தான். ஆனால் பழைய கோட்டைப் புது ரேக்கில் யாரும் வரைந்து கொடுப்பதில்லை. இவற்றைவிடவும் உறுதியானது ரேக்கின் உடம்பில் ஒட்டியிருக்கும் லேபிளும் அதிலுள்ள வரிசை எண்ணும்தான். உங்கள் கார் வாங்கி மூன்று ஆண்டு ஆகப்போகிறது. லேபிளில் அந்தக் காலத்துத் தேதிக் குறியீடு இருந்தால் பேச்சே இல்லை.

எப்படி நடந்திருக்கும் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு. வேறொரு காருக்கு மாற்றிய ரேக் தவறுதலாக உங்கள் ஜாப் கார்டில் ஏறியிருக்கலாம்; இது நேர்மையான தவறு, நானே இரண்டு முறை செய்து திருத்தியிருக்கிறேன். வாரண்டி முடிந்த ஒரு காருக்கு ரேக் போட்டுவிட்டு, கிளெய்மை வாரண்டியில் இருக்கும் உங்கள் கார் பெயரில் போட்டிருக்கலாம். அல்லது பாகத்தையே வெளியில் விற்றிருக்கலாம். எதுவானாலும், பொய்ப் பதிவு இருக்கும்வரை உங்களுக்கு உண்மையாக வேண்டிய பாகம் கிடைக்காது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் நிறுவனத்திடம் வாங்கிய பணத்துக்கு நீங்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ஆகவே, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். நகலை டீலருக்கும் போடுங்கள். 'மோசடி' என்ற சொல்லை எழுதாதீர்கள். சேசிஸ் எண், ஜாப் கார்டு எண், தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு இரண்டே கேள்விகள் கேளுங்கள்: புதிதாகப் பொருத்திய ரேக்கின் வரிசை எண் என்ன? கழற்றிய பழைய ரேக் இப்போது எங்கே இருக்கிறது? படங்களை இணையுங்கள். சத்தம் இன்றும் தொடர்வதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். வாடிக்கையாளர் சண்டை போட்டால் பணிமனை கவலைப்படுவதில்லை. நிறுவனத்தின் வாரண்டி ஆடிட்டுக்குத்தான் பயப்படும். தவறான கிளெய்ம் என்று தெரிந்தால் அந்தத் தொகையை டீலர் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். ஒரு கிளெய்மைத் தோண்டப் போய் ஒரு வருடத்துக் கிளெய்ம்களையும் தோண்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நிறுவனத்தார் பார்க்கும்வரை காரை அதே பணிமனையில் விட வேண்டாம். ஓர் இரவு கார் உள்ளே நின்றால் அந்த மஞ்சள் கோடு இருக்காது. அதே நிறுவனத்தின் எந்த அங்கீகரிக்கப்பட்ட டீலரிடமும் வாரண்டி செல்லும். திருச்சிக்குக் கொண்டுபோங்கள். அடுத்த முறை எங்கே காரை விட்டாலும், ஜாப் கார்டில் உங்கள் சொற்களிலேயே குறையை எழுதச் சொல்லி, 'பள்ளமான சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கில் தட்டும் சத்தம்' என்று துல்லியமாக இருக்கிறதா எனப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். 'பொதுச் சோதனை' என்று எழுதிவிட்டால் நீங்கள் அந்தக் குறையைச் சொன்னதற்கே சாட்சி இருக்காது. ஓட்டிப் பார்க்காமல் திருப்திச் சீட்டில் கையெழுத்திடாதீர்கள். 'கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து சொல்லுங்கள்' என்பார்கள். அந்த மதிப்பெண் அவர்களுக்கு ஊக்கத்தொகை. உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள், போதும்.

பதில் 2: நான்குவழிச்சாலை

சகோதரி, மேலே பெரியவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை. ரேக் மாற்றப்படவில்லை என்று நிரூபிப்பதும் சத்தத்தை நீக்குவதும் வெவ்வேறு வேலைகள். என் காரிலும் இதே சத்தம் வந்தது. மோட்டார் ஸ்டீயரிங் தண்டிலேயே (column) இருக்கும் வகை மின் ஸ்டீயரிங் என்றால், அந்தத் தண்டையும் கீழே உள்ள ரேக்கையும் இணைக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்டின் மூட்டு தளர்ந்தாலும் உள்ளங்கையில் இப்படித்தான் தட்டும். திறமையான ஒரு மெக்கானிக், கார் நின்றபடியே என்னை ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அளவுக்கு இடமும் வலமும் அசைக்கச் சொல்லி, பெடலுக்கு மேலே கையை விட்டு அந்த மூட்டைப் பிடித்துப் பார்த்து ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். ரேக்கை ஒப்பிட்டால் அது விலை குறைந்த பாகம்.

எனவே ரேக்கைத்தான் மாற்ற வேண்டும் என்று நீங்களே பிடிவாதமாக எழுதிவிடாதீர்கள். அவர்கள் ரேக்கை மாற்றிவிட்டு, சத்தம் தொடர்ந்தால் நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம் என்பார்கள். குறையை மட்டும் எழுதுங்கள். காரணத்தை அவர்களே கண்டுபிடித்து எழுத்தில் தரட்டும்.

மலையடிவாரம்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்; ஐயா சொன்ன இரண்டு கேள்விகளையும் அப்படியே வைத்திருக்கிறேன். வெளிக்கடையில் தூக்கிப் பார்த்ததால் வாரண்டி போய்விடும் என்பது உண்மையா, கையெழுத்திட்டது எனக்கு எதிராகுமா என்பவற்றை மட்டும் யாராவது தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.

பதில் 3: சட்டக்குறிப்பு

நுகர்வோர் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் என்ற முறையில் எழுதுகிறேன், சகோதரி.

காரைத் தூக்கிப் பார்ப்பது பழுதுபார்ப்பு ஆகாது. எதையும் கழற்றாமல் பார்வையிட்டதால் வாரண்டி ரத்தாகும் என்றால், உங்கள் வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் மிரட்டியவர்கள் தாளில் எழுத மாட்டார்கள். வெளியில் பழுதுபார்த்தாலே வாரண்டி மொத்தமும் போய்விடும் என்ற நிபந்தனையை இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிரான ஆணையில் கண்டித்து, சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அந்த ஆணைமீது மேல்முறையீடுகள் நடந்தன. ஆகவே அதை மட்டும் நம்பி நில்லுங்கள் என்று சொல்லமாட்டேன். உங்களுக்கு அதுவரை போகவேண்டிய தேவையும் இல்லை.

திருப்திச் சீட்டு உங்களுக்கு எதிராகக் காட்டப்படும், ஆனால் அதனால் வழக்கு முடிந்துவிடாது. நடக்காத வேலையை நடந்ததாகச் சொல்லி வாங்கிய கையெழுத்து, அந்த வேலை நடந்ததற்குச் சான்றாகிவிடாது. உங்களிடம் வாய்மொழியாக 'கிரீஸ் வைத்தோம்' என்றும் தாளில் 'ரேக் மாற்றினோம்' என்றும் இருக்கும் முரண்பாட்டை இப்போதே தேதியுடன் ஒரு மின்னஞ்சலில் பதிவுசெய்யுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதுவது ஏன் முக்கியம் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. டீலர் தனி வணிகர், அவர் செய்த தவறுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்பதே இத்தகைய வழக்குகளில் கார் நிறுவனங்களின் முதல் பதில். 2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ இதையே ஏற்றது. 2009ஆம் ஆண்டு மாடலை 2011ஆம் ஆண்டுக் கார் என்று கோவா டீலர் ஒருவர் விற்ற வழக்கு அது. டீலரின் செயல் நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்டப்படாததால், நிறுவனம் பொறுப்பிலிருந்து விடுபட்டது. உங்கள் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, தெரியாது என்று உங்கள் நிறுவனம் சொல்ல முடியாது. தவிர, வாரண்டி நிறுவனம் கொடுத்த வாக்குறுதி. அதை நிறைவேற்றாவிட்டால் அந்தப் பொறுப்பு நேரடியாக அதன்மேல்தான் விழும். வழக்கு என்று வந்தால் இருவரையும் எதிர்த்தரப்பினராகச் சேருங்கள்.

பதினைந்து நாள் பொறுத்துப் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியுங்கள். அதுவும் பயனளிக்காவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். டீலர் மதுரையில் இருப்பதால் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் வசிக்கும் இடமே போதும். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருப்பதால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தொடர வேண்டும். வாரண்டி முடிந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று பலர் அஞ்சுகிறார்கள். வாரண்டிக் காலத்துக்குள் நீங்கள் எழுதிக்கொடுத்த குறை, அது தீர்க்கப்படும்வரை வாரண்டிக் குறைதான். டீலர்கள் 'அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்' என்று தள்ளுவது எதற்காக என்று இப்போது புரியும்.

ஒரு பலவீனத்தையும் சொல்ல வேண்டும். குறையை நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அலைன்மென்ட் கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. தேவைப்பட்டால் ஆணையத்திடம் நிபுணர் ஆய்வு கோர வேண்டியிருக்கும். எடுத்த படங்களின் மூலக் கோப்புகளைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலை வைத்துக்கொண்டு மூலத்தைத் தொலைப்பவர்களையே அதிகம் பார்க்கிறேன்.

மலையடிவாரம்

ஐந்து வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். மின்னஞ்சல் அனுப்பிய ஆறாம் நாள் நிறுவனத்தின் பகுதி சர்வீஸ் பொறியாளர் தொலைபேசியில் பேசினார். மதுரைக்கே கொண்டுவரச் சொன்னார். ஐயா எச்சரித்தது நினைவிலிருந்ததால் மறுத்து, திருச்சி டீலரிடம் வருவதாகச் சொன்னேன், ஒப்புக்கொண்டார். நான் பக்கத்தில் நிற்கும்போதே காரைத் தூக்கினார்கள். ரேக்கின் லேபிளைத் துணியால் துடைத்துப் படம் எடுத்து, மடிக்கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்தவர் சற்றுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இது தொழிற்சாலையிலிருந்து வந்த ரேக்தான்" என்று சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைத் திருச்சி ஜாப் கார்டில் எழுதச் சொல்லிக் கேட்டேன். தயங்கினார்கள், ஆனால் எழுதினார்கள்.

சத்தத்தைப் பொறுத்தவரை நான்குவழிச்சாலை சகோதரர் சொன்னது பாதி சரியாக இருந்தது. முதலில் இன்டர்மீடியட் ஷாஃப்டை மாற்றி ஓட்டிப் பார்த்தோம்; பெரும்பகுதி குறைந்தது, முழுவதும் போகவில்லை. இரண்டு நாள் கழித்து ரேக்கையும் மாற்றினார்கள். இம்முறை அட்டை கட்டிய பழைய ரேக்கை எனக்குக் காட்டினார்கள். என் படங்களில் உள்ள அதே மஞ்சள் கோடு அதில் இருந்தது. அலைன்மென்ட் ரிப்போர்ட் கையில் கிடைத்தது. திண்டுக்கல் புறவழிச்சாலை ஓரத்தில் பள்ளமான ஒரு சர்வீஸ் சாலை இருக்கிறது. அதில் நான்கு முறை போய்வந்தேன், உள்ளங்கையில் எதுவும் தட்டவில்லை.

மதுரை டீலர் 'ஜாப் கார்டு மாறிப் பதிவாகிவிட்டது' என்று வாய்மொழியாக வருத்தம் தெரிவித்தார். எழுத்தில் இன்னும் தரவில்லை. செயலியில் அந்தப் பழைய பதிவும் இன்றுவரை அப்படியே இருக்கிறது. காரை நாளை விற்க நேர்ந்தால் வாங்குபவருக்கு இரண்டு ரேக் மாற்றிய கார் என்றுதான் தெரியும் என்பதால், அதை நீக்கச் சொல்லி இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதினைந்தாம் நாள் வரும் செவ்வாய்க்கிழமை. அன்று வரை பதில் இல்லையென்றால் 1915இல் பதிவுசெய்துவிட்டு இங்கே எண்ணைக் குறிப்பிடுகிறேன்.

பதில்: பழைய ஸ்டோர்கீப்பர்

மகிழ்ச்சி அம்மா. அந்தத் திருச்சி ஜாப் கார்டை இரண்டு நகல் எடுத்து வையுங்கள். சில பில்கள் அச்சாகும் காகிதத்தில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும்.